பொய்யிரையும் நிறமும்: பைக் மீன்வேட்டை வரலாற்றில் ஒரு சிக்கல்

முன்னுரை

ஒரு தொழிலைப் பற்றிய நூல்கள் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டு வருமாயின், அவற்றுள் கண்டறிந்த உண்மை எது, வழிவழியாக வந்த நம்பிக்கை எது எனப் பிரித்தறிதல் ஆராய்ச்சியாளர்க்கு எளிதன்று. பின் வந்தோர் முன்னோர் கூற்றை எடுத்தெழுதுவர். எடுத்தெழுதிய கூற்றே நாளடைவில் சான்றாகவும் நின்றுவிடும். இலக்கிய வரலாற்றிலும் உரை வரலாற்றிலும் இந்நிலையை நாம் பலகாலும் காண்கின்றோம். இதனைப் பிறிதொரு துறையில் வைத்து நோக்குதல் நம் முறையையே தெளிவாக்கிக் கொள்ளத் துணைபுரியும் என்னும் கருத்தால், ஐரோப்பியரும் அமெரிக்கரும் பைக் என்னும் மீனைப் பிடித்தற்குப் பொய்யிரையின் நிறத்தைத் தேர்ந்த வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வரலாற்றில் விடை காண வேண்டிய வினா ஒன்றே. தூண்டிற்காரர் நிறத்தைத் தேர்ந்தது மீனின் கண்ணை அறிந்தா, அன்றித் தம் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றியது கொண்டா என்பதே அது.

பைக் மீனின் இயல்பு

பைக் நம் நாட்டு நீர்நிலைகளுக்குரிய மீனன்று. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்நாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. ஈசாக்ஸ் லூசியஸ் என்பது விலங்கியலார் இட்ட பெயர். உடல் நீண்டது, வாய் வாத்தின் அலகு போல் தட்டையானது, பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. முதுகுத் துடுப்பு வாலின் அருகே பின்தள்ளி அமைந்துள்ளது. பசிய உடலில் வெளிறிய புள்ளிகள் பரந்திருத்தலின் நீர்ப்பூண்டுகளிடையே அசையாது நின்றால் கண்ணுக்குப் புலப்படாது. இரையைத் துரத்தித் திரியாமல், மறைந்து நின்று ஒரே பாய்ச்சலில் பற்றுவது இதன் வழக்கம். இவ்வியல்பை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நிறம் பற்றிய வாதம் முழுவதும் இதனையே சார்ந்து நிற்கின்றது.

இலத்தீன் இலக்கியத்தில் இம்மீன் லூசியஸ் என்னும் பெயரால் குறிக்கப்பெறுவதைக் கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஆசோனியஸ் பாடிய 'மொசெல்லா' என்னும் நூலில் காண்கின்றோம். கலங்கிய மடுக்களில் கோரைப் புற்களிடையே பதுங்கி வாழ்வது என்றும், நல்லோர் உணவுக்கு ஆகாதது என்றும் அப்புலவர் கூறுவர். அவர் கூறிய வாழிடம் இன்றைய ஆய்வோடும் ஒத்துள்ளது. சுவை பற்றிய கூற்றோ அவர் காலத்து உயர்ந்தோர் வழக்கைக் காட்டுவதே அன்றி மீனின் இயல்பைக் காட்டுவதன்று. ஒரே நூலில் இருவகைக் கூற்றும் கலந்து வருதலைக் கருதுக.

நிறம் பற்றிய முதற் சான்றுகள்

தூண்டில் முள்ளுக்கு நிறம் ஊட்டியதை முதன்முதல் தெளிவாகக் கூறும் நூல், கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்பவர் கிரேக்க மொழியில் இயற்றிய விலங்குகளின் இயல்பு பற்றிய நூலாகும். மாசிதோனியாவில் ஆஸ்திரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளிகளையுடைய மீன்கள் ஒருவகை ஈயை உண்ணும் என்றும், அந்த ஈயை மனிதர் கையால் தொட்டால் அதன் நிறம் கெடுதலின், முள்ளிற் செந்நிற மயிரைச் சுற்றி, சேவலின் கழுத்தடியில் விளையும் இரண்டு இறகுகளைக் கட்டிப் பொய் ஈ செய்வர் என்றும் அவர் உரைக்கின்றார். இது பைக் மீனைப் பற்றியதன்று. எனினும் இதிற் புலனாகும் கொள்கை நமக்கு வேண்டுவது. நிறம் இங்கே போன்மைக்காக, அஃதாவது உண்மை இரையை ஒத்தற்காக வந்தது.

அடுத்து நாம் காணும் பெருஞ்சான்று இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டு வின்கின் டி வோர்ட் என்னும் அச்சகத்தார் வெளியிட்ட தூண்டில் மீன்பிடி நூல். இது 1486இல் முதற்கண் வெளிவந்த 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' என்னும் தொகுதியின் மறுபதிப்பிற் சேர்க்கப்பெற்றது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்துறவியே இதன் ஆசிரியர் என்பது நெடுநாள் வழக்கு. ஆயினும் அவர் பெயர் 1486ஆம் ஆண்டுத் தொகுதியின் வேட்டைப் பகுதியிற் காணப்படுகின்றதேயன்றி மீன்பிடி நூலுக்கு உரியதாகச் சொல்லப்படவில்லை. அருகிருந்த நூலின் ஆசிரியர் பெயர் இதன்மேலும் ஏறிற்று எனக் கொள்வதே பொருந்தும்.

இந்நூல் நிறத்தைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. ஆனால் அது பேசுவது இரையின் நிறமன்று, கயிற்றின் நிறம். வெண்குதிரையின் வால்மயிரை எடுத்து, ஏல் என்னும் மதுவும் படிகாரமும் முதலியன சேர்த்து, மஞ்சள், பச்சை, செம்பழுப்பு முதலாகப் பல நிறங்கள் ஊட்டும் முறையை நூல் கூறுகின்றது. தெளிந்த நீரில் ஏப்பிரல் முதல் செப்டம்பர் வரை பச்சைக் கயிறு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வாடிய நீர்ப்பூண்டின் நிறத்தை ஒத்தலின் மஞ்சட் கயிறு. கருகி மெல்லச் செல்லும் நீரில் பழுப்புக் கயிறு என நீரும் பருவமும் நோக்கி வகுத்துள்ளது. இங்கே நிறம் காட்டுதற்கு அன்று, மறைத்தற்கே பயன்பட்டது.

பைக் மீனுக்கு இந்நூல் கூறும் இரைகளோ எல்லாம் உண்மை இரைகளே. ரோச் அல்லது ஹெர்ரிங் மீனைக் கம்பியிற் கோத்து இடுக என்கின்றது. தவளையைக் கழுத்துத் தோலில் மாட்டுக என்கின்றது. கயிற்றை வாத்தின் காலிற் கட்டிவிட்டு, வாத்து வெல்லுமோ மீன் வெல்லுமோ எனக் கண்டு மகிழலாம் என்றும் கூறுகின்றது. நிறத்தை இத்துணை நுணுகி ஆராய்ந்த ஆசிரியர் பைக் இரையின் நிறத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உயிருள்ள மீனைக் கோக்கும்போது நிறம் தேரும் இடமே எழுவதில்லை. எனவே பைக் இரையின் நிறத் தேர்வு என்னும் சிக்கல், பொய்யிரை தோன்றிய பின்னரே பிறந்தது எனல் தகும்.

வால்டன் நூலும் பட்டு மீனும்

ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட 'முழுமைபெற்ற தூண்டிற்காரர்' என்னும் நூல் ஆசிரியர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புகள் கண்டது. ஐந்தாம் பதிப்பு 1676இல் சார்லஸ் காட்டன் எழுதிய பகுதியுடன் வெளிவந்தது. வால்டன் பைக் மீனை நன்னீரின் கொடுங்கோலன் எனக் கூறி ஓர் இயல் முழுதும் எழுதினார். அவ்வியலில் அவர் தாமே கண்டதும் உண்டு. சுவிட்சர்லாந்து அறிஞர் கெஸ்னர் நூலிலிருந்து எடுத்ததும் உண்டு. பைக் மீன்களுட் சில ஒரு நீர்ப்பூண்டிலிருந்து ஞாயிற்றின் வெம்மையாற் பிறப்பன என்னும் கூற்று பின்னதன்பாற் படும்.

நூல்வழக்கு எவ்வாறு பிழைபடும் என்பதற்குப் பிறிதொன்றும் காட்டலாம். இரண்டாம் பிரெடரிக் பேரரசர் வளையம் பூட்டி நீரில் விட்ட பைக், சுவீடன் நாட்டில் 1449இல் பிடிபட்டது என வால்டன் எழுதுகின்றார். அதே கதை ஜெர்மனியில் ஹைல்புரோன் நகரின் அருகே 1497இல் நிகழ்ந்ததாகவும், பேரரசர் அதனை 1230இல் விட்டதாகவும், ஆகவே மீனின் வயது 267 என்றும் வேறு நூல்களில் வழங்குகின்றது. அம்மீனுடையது எனக் கூறி மன்ஹைம் நகரில் போற்றி வைத்திருந்த எலும்புக்கூட்டைப் பிற்காலத்தார் ஆராய்ந்தபோது, பல மீன்களின் முள்ளெலும்புகளைச் சேர்த்து நீட்டப்பட்டமை வெளியாயிற்று. நூல்கள் பல கூறுதலால் மட்டும் ஒன்று உண்மையாகி விடாது. எலும்பை எண்ணிப் பார்த்தவரே உண்மை கண்டார். நிறம் பற்றிய கூற்றுகளையும் இவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி வால்டன் நூலில் நம் பொருளுக்கு மிக வேண்டப்படும் பகுதி பைக் இயலில் இல்லை. ட்ரவுட் என்னும் மீனைப் பற்றிய இயலில் உள்ளது. ஊசிவேலையில் தேர்ந்த பெண்ணொருத்தி துணியாற் செய்த பொய் மீன் ஒன்றை அவர் ஆண்டு விவரிக்கின்றார். அதன் முதுகில் கரும்பச்சைப் பட்டு. வயிற்றை நோக்கி வரவர வெளிறிய பச்சை. வயிற்றில் வெண்பட்டும் வெள்ளி இழையும். கண்களாக இரண்டு சிறு கருமணிகள். முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருத்தல் நீர்வாழ் மீன்களின் பொதுவியல்பு. மேலிருந்து விழும் ஒளியினால் முதுகு வெளிறியும் வயிறு நிழலாடியும் தோன்றுதலை இவ்வமைப்பு சமன்செய்து உருவத்தை மறைக்கும் என்னும் விதியை அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் வெளியிட்டார். விதி வகுக்கப்படுமுன் 200 ஆண்டுகளுக்கும் மேலாக, அதன் பயனை ஊசியும் நூலும் கொண்டு ஒருத்தி தைத்துவிட்டாள். கைத்தொழிலாளர் கண்ட உண்மை அறிஞர் கூற்றுக்கு முற்பட்டு நின்றமைக்கு இது நல்லதொரு சான்று.

1682இல் ராபர்ட் நாப்ஸ் பைக் மீன்வேட்டைக்கென்றே தனிநூல் இயற்றினார். அவர் முறையும் இறந்த மீனை முள்ளிற் கோத்து நீரில் ஏற்றியிறக்குவதே. ஆகவே பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரை பைக் வேட்டையில் உண்மை இரையே ஆட்சி செய்தது என்பது போதரும்.

உலோகத் தகடும் ஒளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் வெர்மான்ட் நாட்டினரான ஜூலியோ பியூல் என்பார் உணவுக் கரண்டியின் வடிவில் உலோகத் தகடு செய்து அதில் முள்ளை இணைத்து, 1852இல் காப்புரிமை பெற்றார். படகில் இருந்தபோது அவர் கைதவறி ஏரியில் விழுந்த கரண்டி ஆடி அசைந்து கீழே செல்ல, மீனொன்று பாய்ந்து பற்றியது என்பது இதன் தோற்றத்துக்குச் சொல்லப்படும் கதை. கதையை ஒப்பினும் ஒப்பாவிடினும் கரண்டித் தகடு பரவியது உண்மை.

இத்தகடு எந்த மீனையும் ஒத்திலது; செதிலும் கண்ணும் இல்லை. உண்மை இரையோடு அதற்குள்ள ஒற்றுமைகள் இரண்டே: ஆடுதல், மின்னுதல். காயமுற்ற சிறுமீன் புரளும்போது அதன் பக்கத்தில் ஒளி பட்டு மின்னி மறையும்; தகடும் அவ்வாறே மின்னி மறைகின்றது. போன்மை என்னும் பழங்கொள்கை இங்கே வடிவை விட்டுத் தொழிலைப் பற்றியது. தமிழ் இலக்கண மரபில் கூறுவதாயின், மெய்யுவமம் நீங்கி வினையுவமம் தோன்றிற்று எனலாம். 1938இல் பிரான்சில் ஆந்திரே மெல்னார் தோற்றுவித்த மெப்ஸ் என்னும் நிறுவனத்தின் சுழல் தகடுகளும் இவ்வழியின.

வண்ணப்பூச்சின் காலம்

தகட்டின் மீதும் மரத்தின் மீதும் வண்ணம் பூசத் தொடங்கிய பின்னரே நிறத் தேர்வு பெருஞ்சிக்கலாயிற்று. மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் மரத்தாற் செய்த பொய்யிரைக்கு 1902இல் காப்புரிமை பெற்றார். டிட்ராய்ட் நகரத்து லூ எப்பிங்கர் செய்த கரண்டித் தகடு முதல் உலகப் போருக்குப் பின் டார்டெவில் என்னும் பெயரால் புகழ்பெற்றது. செந்நிறத் தகட்டின் குறுக்கே வளைந்தோடும் வெண்பட்டையே அதன் அடையாளம். இச்செம்மையும் வெண்மையும் வட அமெரிக்கப் பைக் வேட்டையில் ஒரு மரபாகவே நிலைத்துவிட்டன.

பின்லாந்தில் லவ்ரி ரப்பாலா வேறு வழி சென்றார். வலையும் தூண்டிலும் கொண்டு வாழ்ந்த அவர், கூட்டமாகச் செல்லும் சிறுமீன்களுள் நிலைதடுமாறி நீந்தும் ஒன்றையே பெருமீன் பற்றுதலைக் கண்டார். 1936இல் செருப்புத் தைப்போர் கத்தியால் தக்கையைச் செதுக்கி மீனுருவாக்கி, இனிப்புப் பண்டத்தைச் சுற்றிவரும் வெள்ளீயத் தாளைப் போர்த்தி, புகைப்பட எதிர்ச்சுருளை உருக்கி மேலே பூசினார். இதில் நிறம் மீண்டும் போன்மையின் வழி நின்றது. ஆயினும் அவர் பெரிதும் முயன்றது ஆட்டத்தைச் செம்மை செய்தற்கே.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இரண்டு கொள்கைகள் எதிரெதிர் நின்றன. ஒன்று, பொய்யிரை உண்மை மீனின் நிறத்தைக் கொள்ளல் வேண்டும் என்பது. மற்றொன்று, இயற்கையில் இல்லாத நிறமாயினும் எடுப்பாகத் தோன்றல் வேண்டும் என்பது. வெயிலில் வெளிறிய இரை, மந்தாரத்தில் கரிய இரை என்னும் வாய்மொழி விதியும், கலங்கலில் மஞ்சளும் பச்சையும் செம்மஞ்சளும் கலந்து கருவரி தீட்டிய இரை என்னும் வழக்கும் இவற்றோடு சேர்ந்தன.

நீரின் இயல்பு கூறும் விடை

இக்கொள்கைகளைத் தீர்த்தற்கு நூல்கள் மட்டும் போதா. நீரையே வினாவுதல் வேண்டும். ஒளி நீரில் இறங்கும்போது எல்லா நிறக்கதிர்களும் ஒருபடித்தாய் இறங்குவதில்லை. தெளிந்த நீரில் செங்கதிரே முதலிற் கெடும். ஐந்து மீட்டர் ஆழத்திற்குள் அதன் பெரும்பகுதி உறிஞ்சப்படும். நீலமே ஆழ்ந்து செல்லும். ஆனால் மக்கிய தாவரச் சாறு கலந்து தேநீர் போல் பழுத்த நீரில் இம்முறை மாறும். ஆண்டு நீலமும் ஊதாவும் முதலிற் கெட, மஞ்சளும் செம்மையும் எஞ்சும். பாசி மிக்க நீரிலோ பச்சையும் மஞ்சளும் எஞ்சும்.

இதனால் விளைவது யாது? செந்நிறப் பொய்யிரை தெளிந்த ஏரியின் ஆழத்தில் செந்நிறமாய்த் தோன்றாது, கருநிறமாகவே தோன்றும். அதுவே பழுத்த நீரில் தன் நிறம் காட்டும். எனவே, சிவப்பு நன்று, சிவப்பு தீது என நீரைக் கூறாது நிறத்தை மட்டும் கூறும் விதிகள் அனைத்தும் குறையுடையன. 1496ஆம் ஆண்டு நூல், கயிற்றின் நிறத்தை நீரின் தன்மையொடு சார்த்திக் கூறிற்று என்பதை மேலே கண்டோம். பிற்காலத்து இரைவிதிகள் பலவற்றினும் அப்பழைய நூலின் முறையே செப்பமுடையது என்பது எம் துணிபு.

செம்மையும் வெண்மையும் இணைந்த மரபு நிலைத்தமைக்கும் காரணம் இங்கே கிடைக்கின்றது. ஆழத்தில் செம்பகுதி கருத்தாலும் வெண்பகுதி வெளிறியே நிற்கும். தகடு புரளுந்தோறும் கருமையும் வெண்மையும் மாறிமாறித் தோன்றும். மேற்பரப்பில் நிறவேறுபாடாய் இருந்தது ஆழத்தில் ஒளிவேறுபாடாய் நின்று பயன்தருகின்றது. கலங்கல் நீருக்குரிய கருவரி இரைகளுக்கும் இக்காரணம் பொருந்தும். மேலும் பைக் பெரும்பாலும் கீழே நின்று மேல்நோக்கிப் பாய்வது. வானொளியின் எதிரே அது காண்பது இரையின் நிழலுருவே. அந்நிலையில் வண்ணத்தினும் உருவும் அளவும் அசைவுமே முற்படும்.

கண் மட்டுமே பைக் இனத்தின் வேட்டைக் கருவி என்று கொள்ளலும் ஆகாது. உடலின் பக்கங்களில் ஓடும் உணர்கோடு நீரின் சிற்றசைவையும் உணரவல்லது. பைக் மீனின் நெருங்கிய உறவான மஸ்கலஞ்சு மீனை வைத்து 2001இல் வெளியான ஆய்வு, பார்வை மறைக்கப்பட்ட மீன் இரையைத் தொலைவிலிருந்து பின்தொடராவிடினும், அண்மையில் வந்த இரையைப் பாய்ந்து பற்றும் எனக் காட்டிற்று. தொலைவிற் கண்ணும் அண்மையில் உணர்கோடும் தொழிற்படுகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

மீனின் நினைவும் மனிதரின் நம்பிக்கையும்

நிறவிதிகள் நிலைபெற்றதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் பியூக்கமா 1970இல் வெளியிட்ட ஆய்வில், சுழல் தகட்டில் ஒருமுறை பிடிபட்டு விடப்பட்ட பைக் மீன்கள் மீண்டும் அத்தகட்டை அணுகாது ஒதுங்கியமை காணப்பட்டது. உயிர்மீன் இரையிலோ அவ்வொதுக்கம் காணப்படவில்லை. இவ்வாறாயின், ஒரு நீர்நிலையில் புகழ்பெற்ற பொய்யிரை சில காலத்தில் பயன் குன்றுதலும், புதியதொன்று வந்தவுடன் வெற்றி தருதலும் இயல்பே. புதிய இரை வென்றபோது தூண்டிற்காரர் அவ்வெற்றியை நிறத்தின்மேல் ஏற்றினர். உண்மையில் வென்றது நிறமன்று, புதுமையே எனக் கருத இடமுண்டு.

அன்றியும், ஒருவர் தாம் நம்பும் நிறத்தையே நெடும்பொழுது நீரிலிடுவர். நெடும்பொழுது இட்டதே மிகுதியாகப் பிடிக்கும். மிகுதியாகப் பிடித்ததே நம்பிக்கையை வலியுறுத்தும். திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்து, வென்று பெற்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டிற்பொன்னுக்கு ஒப்பாகின்றது. ஆண்டுப் பொன் என்றது இரையால் மறைந்த இரும்பினை எனப் பரிமேலழகர் விளக்குவர். தோல்வியினும் வெற்றியே ஒருவரைப் பிணிக்கும் என்னும் அக்கருத்து தூண்டில் இட்டவருக்கும் பொருந்துவதாயிற்று. ஒரு நிறத்தால் ஒருநாள் பெற்ற வெற்றி, அந்நிறத்தை ஆராயவொட்டாது அவரைக் கட்டிவிடுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் துணியப்படுவன வருமாறு. நிறம் தூண்டிற்கலையுள் மூன்று பயன் கருதிப் புகுந்தது. மாசிதோனிய ஈயிலும் வால்டன் கூறிய பட்டு மீனிலும் போன்மைக்காகவும், 1496ஆம் ஆண்டு நூலின் கயிற்றில் மறைவுக்காகவும், பிற்காலத் தகடுகளில் எடுப்புக்காகவும் வந்தது. இம்மூன்றையும் வேறுபடுத்தாமல் ஒருங்கே நிறத் தேர்வு என வழங்கியதே பிற்கால நூல்களின் மயக்கத்துக்குக் காரணம். பைக் மீனைப் பொறுத்தவரை அசைவும் அளவும் ஒளிவேறுபாடும் முதலிடம் பெறுவன. நிறம் நீரின் தன்மையைச் சார்ந்தே பயன்தருவது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இருபாற்பட்டது. நீரை நோக்கி நிறம் தேர்ந்தோர் மீனின் கண்ணை அறிந்தனர், அறிவியற் சொல் இன்றியும். நீரை மறந்து நிறம் தேர்ந்தோர் தம் கண்ணையே நம்பினர். ஆதலின் தொழில்நூல்களை ஆராய்வோர் அவற்றை முழுதும் ஏற்றலும் தவறு, முழுதும் தள்ளுதலும் தவறு. ஒவ்வொரு விதியும் எந்த நீரில், எந்தப் பருவத்தில், எந்தக் கருவி கொண்டு கண்டறியப்பட்டது என வினாவுதல் வேண்டும். இடமும் காலமும் கூறும் விதியில் கண்டோர் ஒருவர் பின்னிருக்கின்றார். அவை கூறாத விதியில் கேட்டோரே பலர் இருக்கின்றனர். நம் நாட்டு மீனவர், உழவர், நெசவர் ஆகியோரிடை வழங்கும் தொழில்மொழிகளைத் தொகுப்போரும், சொல்லை மட்டும் எழுதிக் கொள்ளாது அச்சொல் பிறந்த நீரையும் நிலத்தையும் பருவத்தையும் உடன் எழுதிக் கொள்வாராயின், பின்வரும் ஆய்வுக்குப் பெரும்பயன் விளையும்.